வண்டியை யாரிடம் ஒப்படைப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசவேண்டும் எனச் செயலாளர் என்னைக் கேட்டபோது, சிலப்பதிகாரத்தைப் பற்றியோ கம்பனின் கவிநயத்தைப் பற்றியோ பேசுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். தலைப்பைச் சொன்னதும் சிறிது நேரம் வாய் திறவாமல் இருந்தார். பின்னர், "ஆண்டு விழாவில் மெக்கானிக்கைப் பற்றியா?" என்றார். ஆம், மெக்கானிக்கைப் பற்றித்தான். காரணத்தைக் கேட்டபின் அவரும் இசைந்தார். அவருடைய கார் அந்த வாரம் மூன்றாம் முறையாகப் பட்டறையில் கிடந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் காலனிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தார் முதலில் என்ன கேட்கிறார்கள்? நல்ல புழுங்கலரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். ராஸ்தா பேட்டையைக் காட்டிவிடுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர் உண்டா என்று கேட்கிறார்கள். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பைச் சொல்கிறோம். நம்பி வண்டியை விடத்தக்க பட்டறை எது என்று கேட்டால்தான் நமக்குள் சண்டை மூள்கிறது. ஒருவர் புகழும் பட்டறையை அடுத்த வீட்டார் ஏசுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விந்தை.

இந்த ஐயம் வேறோர் ஊரில் எழுந்தால் வியப்பில்லை. நாம் வாழும் புனேயோ மோட்டார்த் தொழிலின் தலைநகரங்களுள் ஒன்று. ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டாட்டா, சாகனில் அயல்நாட்டுக் கம்பெனிகள் என ஊரைச் சுற்றிலும் வண்டிகள் பிறக்கின்றன. 1966-இல் நிறுவப்பெற்ற மோட்டார் ஆராய்ச்சிக் கழகம் கோத்ரூட் குன்றின்மீது இருக்கின்றது. 1972-இல் பஜாஜ் கம்பெனி சேதக் ஸ்கூட்டரை இங்கே வெளியிட்டது. அதே ஆண்டில் கைனெடிக் கம்பெனியின் லூனாவும் வந்தது. சேதக் வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த அரங்கிலேயே உள்ளனர். காத்திருந்து பெற்ற ஸ்கூட்டரைக் காலையில் ஒருபுறம் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பிய காட்சியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்டிகளைச் செய்யும் கைகள் இத்தனை ஆயிரம் இருந்தும், செய்த வண்டியைச் செப்பனிடும் ஒரு கையை நம்பி ஒப்படைக்க நாம் தடுமாறுகிறோம்.

தடுமாற்றத்தின் காரணம் நம் அறியாமை. காய்கறி வாங்கினால் அழுகலா நல்லதா என்று நாமே பார்த்துக்கொள்கிறோம். புடவை வாங்கினால் சாயம் போகிறதா இல்லையா என்பது இரண்டு சலவையில் தெரிந்துவிடும். ஆனால் "கிளட்ச் பிளேட் போய்விட்டது, மாற்றினேன்" என்று ஒருவர் சொன்னால், அது போயிருந்ததா, அதை அவர் மாற்றினாரா என்பதை வேலை முடிந்த பின்னரும் நாம் அறிய வழியில்லை. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 1973-இல் இத்தகைய பணிகளைத் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். வாங்குமுன்னும் தெரியாது, வாங்கியபின்னும் தெரியாது, நம்பிக்கை ஒன்றாலேயே வாங்கப்படுவன என்பது அவ்வகையின் இலக்கணம். மருத்துவம் அதில் ஒன்று, பழுதுபார்த்தல் மற்றொன்று. மருத்துவராவது சுவரில் பட்டத்தைத் தொங்கவிடுகிறார். பட்டறைக்காரர் தொங்கவிட்டிருப்பது பிள்ளையார் படம் ஒன்றுதான்.

அறியாமைக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதை அமெரிக்கர் ஒருமுறை அளந்தே பார்த்துவிட்டனர். 1941-ஆம் ஆண்டில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக ஒரு சோதனை நடத்தினார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு காரை எடுத்துக்கொண்டு நாடெங்கும் சுற்றினார்கள். ஒவ்வொரு பட்டறையை அடையுமுன்னும் காயில் என்னும் பாகத்திலிருந்து ஒரு கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் உள்ளே சென்றார்கள். அந்தக் கம்பியை மீண்டும் மாட்டினால் வேலை முடிந்தது. 347 பட்டறைகளில் இவ்வாறு செய்து பார்த்ததில், நூற்றுக்கு 63 பட்டறைகள் செய்யாத வேலைக்கோ வேண்டாத பாகத்துக்கோ பணம் வாங்கின, அல்லது சிறு வேலைக்குப் பெருங்கூலி கேட்டன. இதைக் கேட்டு, "உலகமே கெட்டுவிட்டது" என்று பெருமூச்செறிய வேண்டாம். மீதி 37 பட்டறைகள் அந்தக் கம்பியை மாட்டிவிட்டுப் பெரும்பாலும் இலவசமாகவோ சில்லறைக் காசுக்கோ அனுப்பிவைத்தன. அந்த 37-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

நம்மவர் கையாளும் வழி ஒன்றுண்டு. "நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள்" என்பார்கள். இதில் பெருமிதமும் கலந்திருக்கிறது. பெருமிதத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்த ஜி. டி. நாயுடு, கோயம்புத்தூர் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். பின்பு அதைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸைத் தாமே ஓட்டினார். மதுரையில் பிறந்தவர்களுக்கு டி. வி. சுந்தரம் ஐயங்காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1911-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று என் தந்தையார் சொல்லுவார். டயரில் ஆணி ஏறாதிருக்கக் காந்தம் பூட்டிய வண்டியை முன்னே ஓடவிட்டுச் சாலையிலிருந்த ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பதும் மதுரையார் பலர் கேட்டு வளர்ந்த செய்தி.

ஆகவே 1998-ஆம் ஆண்டில் என் ஸ்கூட்டர் ஏற்றங்களில் இழுக்க மறுத்தபோது, நானும் "நம்ம ஆள்" ஒருவரையே தேடிப் போனேன். பட்டறையின் பெயரும் இடமும் வேண்டா. அவர் என் ஊர்ப் பக்கத்தவர். வாயார "வாங்க அண்ணாச்சி" என்றார். மல்லிகையையும் ஜிகர்தண்டாவையும் பற்றி அரை மணி நேரம் பேசினோம். வண்டியைப் பற்றி அரை நிமிடம்கூட அவர் கேட்கவில்லை. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். மறுநாள், கிளட்ச் பிளேட் மாற்றியதாகச் சொல்லி அறுநூற்றைம்பது ரூபாய் வாங்கினார். அந்நாளில் அது எனக்குச் சிறிய தொகையன்று. ஒரு வாரத்தில் வண்டி பழைய குணத்துக்கே திரும்பியது.

மீண்டும் அவரிடமே செல்ல நாணி, கட்கி கடைத்தெருவின் பின்புறம் ஒரு வேப்பமரத்தடியில் தொழில் நடத்திய மராத்தியப் பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பெயர்ப் பலகைகூட இல்லை. அவர் என் ஊரை விசாரிக்கவில்லை. எப்போது இழுக்க மறுக்கிறது, ஏற்றத்தில் மட்டுமா, சூடேறிய பின்னா, எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லையா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பிறகு கிளட்ச் பிடியை விரலால் அசைத்துப் பார்த்தார். அதில் சிறிதளவு தளர்வு இருக்கவேண்டுமாம். கேபிளை இறுக்கமாகப் பூட்டியிருந்ததால் கிளட்ச் எந்நேரமும் பாதி அழுத்திய நிலையிலேயே இருந்திருக்கிறது. ஒரு நட்டைச் சில சுற்றுகள் தளர்த்தினார். தாமே ஏறி ஒரு சுற்று ஓட்டி வந்தார். "அண்ணா, ஓட்டிப் பாருங்கள். சரியில்லாவிட்டால் அப்போது திறந்து பார்க்கலாம்" என்றார். தெற்கிலிருந்து வந்தவர் எல்லாரும் இங்கே "அண்ணா" தானே! காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வண்டி அதன்பின் ஏற்றங்களில் முணுமுணுக்கவில்லை.

முன்னவர் என்னை வஞ்சித்தாரா? அறியேன். பிளேட்டை உண்மையாகவே மாற்றிவிட்டுக் கேபிளைத் தவறாகப் பூட்டியிருக்கலாம். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லியும் இருக்கலாம். பழைய பிளேட்டை அவர் எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர்ப்பேச்சின் இனிமையில் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றிற்று. நம்மவரிடம் செல்வதில் உள்ள இடர் இதுதான் என்பேன். அயலாரிடம் கேட்கும் கேள்விகளை நம்மவரிடம் கேட்க நா எழுவதில்லை.

அதற்காக மொழி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நோயாளி தன் நோவைச் சொல்லத் தெரியாவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? "வண்டி சரியில்லை" என்று மட்டும் இந்தியில் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுப்பவர்தாம் நம்மில் மிகுதி. இருபதாண்டு இங்கே வாழ்ந்தும் மராத்தியில் காய்கறி பேரம் பேசுவதோடு நின்றுவிட்டோம். சில சொற்றொடர்களைக் கற்றுக்கொள்வது கடினமன்று. "ஆவாஜ் யேதோ" என்றால் சத்தம் வருகிறது. "பிரேக் நீட் லாகத் நாஹீ" என்றால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. "கிதி கர்ச் யேயீல்?" என்றால் எவ்வளவு செலவாகும்? "விசாரல்யாஷிவாய் காஹீ பதலூ நகா" என்றால் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். "ஜுனா பார்ட் பரத் த்யா" என்றால் பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடைசித் தொடரை நான் 1998-இல் அறிந்திருந்தால் அறுநூற்றைம்பது ரூபாயின் உண்மை அன்றே விளங்கியிருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இந்நகரில் ஸ்கூட்டர் ஓட்டாத பெண்மணியைக் காண்பது அரிது. எனினும் பட்டறைக்குப் போவது என்றால் கணவரையோ மகனையோ அனுப்பிவிடுகிறீர்கள். பெண் என்றால் விலையைக் கூட்டிச் சொல்வார்கள் என்ற அச்சம் பொருளற்றதன்று. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ரேடியேட்டர் மாற்ற என்ன ஆகும் என்று பல பட்டறைகளைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். விலை நிலவரம் ஏதும் அறியாதவர்போல் கேட்டபோது ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகச் சொன்னார்கள். "இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்" என ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆதலின் வண்டியை விடுமுன் அக்கம்பக்கத்தில் ஒரு விலையை விசாரித்துக்கொண்டு நீங்களே நேரில் செல்லுங்கள். ஓட்டுபவருக்குத்தான் வண்டியின் குறை தெரியும். உங்கள் கணவர் போய் என்ன சொல்லப் போகிறார்?

இனி, இத்தலைப்பை நான் தேர்ந்ததற்கு உண்மைக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

2018-ஆம் ஆண்டில் என் தந்தையாரின் முதலாண்டுத் திதிக்காகக் குடும்பத்தோடு காரில் மதுரைக்குப் புறப்பட இருந்தோம். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூர் என்று நீளும் அச்சாலை உங்களுக்கும் பழக்கமானதே. பயணத்தை முன்னிட்டு ஒரு பெரிய பட்டறையில் காரைச் செம்மையாகப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கண்ணாடிக் கதவும் குளிர்பதன அறையும் உள்ள இடம். இரண்டு பக்கத் தாளில் நாற்பதுக்கு மேற்பட்ட வரிகளுக்கு நேரே அழகாகக் குறி இட்டு, முத்திரை வைத்துத் தந்தார்கள். பிரேக் என்ற வரிக்கு நேரேயும் குறி இருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, டயர்களை ஒருமுறை பார்க்கச் சொல்லலாம் என்று மட்டுமே வேப்பமரத்தடிப் பெரியவரிடம் சென்றேன். அவரை நாங்கள் எல்லாரும் "காகா" என்று அழைப்பது வழக்கம். அவர் முன்சக்கரத்தைத் திருப்பிவைத்து உட்புறம் கை விட்டுத் தடவினார். என் மகனைப் பிரேக்கை அழுத்தச் சொன்னார். மீண்டும் அழுத்தச் சொன்னார். பின் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து அந்த ரப்பர்க் குழாயின்மீது வைத்தார். மகன் அழுத்தும்போதெல்லாம் குழாயில் ஓரிடம் பட்டாணியளவு புடைத்து எழுந்தது. மேற்புறம் முழுவதும் வெடிப்புகள். பிரேக் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து காட்டினார். டிக்காஷன்போல் கறுத்திருந்தது.

இதன் பொருளை அவர் சொன்னபடியே சொல்கிறேன். நாம் காலால் அழுத்தும் விசையை அந்த எண்ணெய்தான் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. திரவம் நெரியாது, ஆகையால் அழுத்தியது அப்படியே போய்ச் சேரும். ஆனால் அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்புடையது. புனேயின் நான்கு மாத மழையைக் கேட்கவா வேண்டும்? பின்னர் நானே படித்துத் தெரிந்துகொண்ட கணக்கு இது. டாட் 4 என்னும் வகை எண்ணெய் புதியதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை சூட்டில்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால், விதி கேட்பது 155 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு எளிதில் ஏறிவிடும். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவியோ நெரியும். கால் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. வெடித்த குழாய் அறுந்தாலும் முடிவு அதுவே. போகும்போது கம்பாட்கி கணவாய். திரும்பும்போது காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரையிலான இறக்கம். 2022 நவம்பர் 20-ஆம் நாள் இரவு அந்த இறக்கத்தில் ஒரு லாரி பல வண்டிகளை இடித்துத் தள்ளியதை நாம் அறிவோம். பிரேக் பழுது என்று முதலில் பேசப்பட்டது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டி வந்ததே காரணம் என்று பிறகு செய்தி வந்தது. கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வண்டியைத் தடுத்து இறங்க வேண்டும் என்பதை நம் இளைஞர்கள் மறவாதிருப்பார்களாக.

காகாவிடம் அந்தக் குழாய் இல்லை. நானா பேட்டைக் கடைகளிலிருந்து மறுநாள்தான் வாங்கி வர முடியும். "ஆஜ் காடீ தேணார் நாஹீ" என்றார். இன்று வண்டியைத் தரமாட்டேன் என்பது பொருள். நான் முத்திரையிட்ட தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. தந்தையின் திதி என்றேன். மெதுவாக ஓட்டிச் செல்கிறேன் என்றேன். என் மனைவி, சாமான்களெல்லாம் கட்டி வைத்தாயிற்று என்று கோபித்துக்கொண்டாள். அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "திதியை நீங்கள் உங்கள் அப்பாவுக்குச் செய்யுங்கள். உங்களுக்கு உங்கள் மகன் செய்யும்படி வைத்துவிடாதீர்கள்" என்றார். கடுஞ்சொல்தான். அந்த இரவு நான் அவரை மனத்துக்குள் வைதுகொண்டே தூங்கினேன்.

மறுநாள் பிற்பகல் இரண்டு முன்குழாய்களையும் மாற்றி, எண்ணெயை முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பி, பழைய குழாய்களை ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான்கு டயர்களில் ஒன்றையாவது மாற்றவேண்டுமா என்று கேட்டேன். "கரஜ் நாஹீ" என்றார். தேவையில்லை என்று பொருள். ஒரு மெக்கானிக்கின் வாயிலிருந்து வரக்கூடிய சொற்களில் இதைவிட உயர்ந்ததை நான் கேட்டதில்லை. ஒன்றை மாற்றியே தீரவேண்டும் என்று அடம்பிடித்தவரே மற்றொன்றை மாற்ற வேண்டாம் என்றதால், முதலில் சொன்னதும் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

திதியன்று விடியற்காலை மதுரை சேர்ந்தோம். வழியில் ஒன்றும் நிகழவில்லை. அன்றே புறப்பட்டிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் நிகழாமலே இருந்திருக்கும். அவர் எங்களைக் காத்தார் என்று மெய்ப்பிக்க என்னால் இயலாது. அந்தக் குழாய்த் துண்டு மட்டும் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இதனால் கம்பெனிப் பட்டறைகளையெல்லாம் இகழ்ந்துவிட்டேன் என்று கொள்ள வேண்டா. உத்தரவாதக் காலம் முடியும்வரை அங்கே போவதே அறிவுடைமை. இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. 2020-இல் சேதக் என்ற பழைய பெயரிலேயே மின்சார வண்டியைப் புனேயிலும் பெங்களூரிலும் முதலில் விற்றார்கள். அவற்றின் உள்ளே கணினி இருக்கிறது. வேப்பமரத்தடியில் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? உதிரிப் பாகங்களும் தொழில்நுட்ப விவரங்களும் வெளியாருக்குக் கிட்டாதபடி கம்பெனிகள் வைத்துக்கொள்வது கார்களின் காலத்திலேயே வழக்காயிற்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதன்பொருட்டு 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. நம் காகாக்களுக்கு அதனால் எப்போது வழி பிறக்கும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வேலையில் குறை இருந்தால் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் "ரசீது வேண்டாம், வரியைக் குறைத்துக்கொள்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடமே இருக்கிறதே! அவ்வாறு சொன்னவர் பிறகு எதைக் கொண்டு முறையிடுவார்?

நம் குற்றங்கள் இத்துடன் முடியவில்லை. கோயம்புத்தூரில் இதற்கு இருநூறு ரூபாய்தான் என்று பேரம் பேசுகிறோம். கூலியை அடித்துக் குறைத்தால் அவர் பாகத்தின் விலையிலே கூட்டிக்கொள்கிறார். வேறு வழி அவருக்கு இல்லை. ஒரே குறைக்கு மூன்று பட்டறைகளை மாற்றிவிட்டு, ஒருவர் கெடுத்ததை மற்றவர் தலையில் போடுகிறோம். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்ற அதிகாரத்தை வைத்தார். ஆராயாமல் நம்புவதையும் ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதையும் ஒரே தட்டில் வைத்துத் தீராத துன்பம் என்கிறார். நாம் முதலாவதைப் பட்டறை வாசலிலும் இரண்டாவதை வீட்டுக்கு வந்த பிறகும் செய்கிறோம். புதிய பட்டறையில் எடுத்த எடுப்பில் எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். எண்ணெய் மாற்றுதல், கேபிள் சரிசெய்தல் போன்ற சிறு வேலையைக் கொடுத்துப் பக்கத்திலே நின்று பாருங்கள். கேள்வி கேட்கிறாரா, ஓட்டிப் பார்க்கிறாரா, கழற்றியதைக் காட்டுகிறாரா என்பதெல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் என் சொந்தக் கொள்கை: பள்ளிக்குப் போகவேண்டிய வயதுப் பையன் ஸ்பேனர் பிடிக்கும் பட்டறையில், வேலை எவ்வளவு சிறப்பாயிருந்தாலும் நான் வண்டியை விடுவதில்லை.

காகாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. சாலை அகலமானபோது வேப்பமரமும் போயிற்று. அவருடைய மகன் சாகனில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் இத்தொழிலுக்கு வரமாட்டான், வரவேண்டும் என்று அவரும் விரும்பவில்லை. சென்ற தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இனிமேல் யாரிடம் போவீர்கள்?" என்று அவரே என்னைக் கேட்டார். விடை சொல்லத் தெரியாமல் திரும்பினேன்.

அதனால் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்க நூலகத்தில், நாளிதழ் மேசைமீது ஒரு கோடு போட்ட நோட்டை வையுங்கள். உறுப்பினர் எவரும் வண்டியைப் பழுதுபார்த்தால் தேதி, பட்டறை, என்ன குறை, என்ன செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா, எத்தனை நாளில் மீண்டும் பழுதாயிற்று என்பனவற்றை எழுதட்டும். புகழ்ச்சியும் வசையும் வேண்டா. கட்கியிலும் தேஹு சாலையிலும் பிம்ப்ரியிலும் வான்வடியிலும் வாழும் நம் குடும்பங்கள் ஓராண்டு எழுதினால் போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் சில பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வரக் காண்போம். நோட்டு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். 1998-லிருந்து எனக்கு நினைவிலுள்ள பதினேழு பழுதுகளை முதல் நான்கு பக்கங்களில் எழுதியிருக்கிறேன். தலைவர் அவர்கள் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.